பழைய கேஸ், புது மதர்போர்டு: பவர் பட்டன் மக்கர் செய்தால் எங்கே பார்ப்பது

வெளிர்மஞ்சள் நிறப் பழைய டவர் கேஸுக்குள் புது மதர்போர்டு, புது ப்ராசசர், புது பவர் சப்ளை எல்லாம் பொருத்தியாகிவிட்டது. கடைசியில் பட்டனை அழுத்தினால் சத்தமே இல்லை. அல்லது கொஞ்ச நேரம் ஓடிவிட்டுப் படுத்துவிடுகிறது. இந்த மாதிரிக் கேஸ்கள் நண்பர்கள் வழியாகவும் அவர்களுடைய நண்பர்கள் வழியாகவும் என் மேசைக்கு வந்துகொண்டே இருக்கின்றன. கோளாறுகளும் திரும்பத் திரும்ப அதேதான். அதனால் அறிகுறியை வைத்துத் தேடும்படி எழுதியிருக்கிறேன். உங்களுக்கு எது நடக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். முதல் இரண்டு பகுதிகளை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள். ஒன்று உயிருக்கு, இன்னொன்று நேரத்துக்கு.

## எதற்கும் முன்னால்: பட்டனின் பின்னால் எத்தனை ஒயர்?

முன்பக்க முகப்பைக் கழற்றிப் பட்டனின் பின்புறத்தைப் பாருங்கள். மெல்லிய இரண்டு ஒயர், முனையில் சின்னக் கறுப்புப் பிளாஸ்டிக் கனெக்டர் என்றால் அது ஏடிஎக்ஸ் (ATX) என்ற இன்றைய வகைக் கேஸ். நிம்மதியாக அடுத்த பகுதிக்குப் போங்கள்.

தடித்த உறைக்குள் பழுப்பு, நீலம், கறுப்பு, வெள்ளை என்று நான்கு ஒயர்கள் வந்து, கட்டைவிரல் பருமனுள்ள ஒரு சுவிட்சில் செருகியிருந்தால் கவனம். அது 1995இல் ஏடிஎக்ஸ் வருவதற்கு முந்தைய ஏடி வகை. அந்தச் சுவிட்ச் வழியாகச் சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மின்சாரம் நேராக ஓடும். கம்ப்யூட்டரை அணைத்திருந்தாலும், ப்ளக் சுவரில் இருக்கும்வரை அந்த ஒயர்களில் இரண்டில் மின்சாரம் இருக்கும்.

இந்தக் கேபிள் பழைய பவர் சப்ளையோடு பிறந்தது. ப்ளக்கை உருவிவிட்டு, சுவிட்சைப் பிடித்திருக்கும் இரண்டு திருகுகளைக் கழற்றி, சுவிட்ச், கேபிள், பவர் சப்ளை மூன்றையும் ஒரே உருப்படியாக வெளியே எடுத்துவிடுங்கள். "ஒயரை நறுக்கிப் புது மதர்போர்டின் பின்னில் சொருகினால் என்ன?" என்று கேட்கிறவர்கள் உண்டு. பழைய பவர் சப்ளை இன்னும் உள்ளே இருந்து, யாராவது அதற்கு ப்ளக் போட்டுவிட்டால், மதர்போர்டின் சின்னப் பின்னுக்கு 230 வோல்ட் போய்ச் சேரும். பழைய சுவிட்சும் புது மதர்போர்டும் ஒரே கேபிளில் சந்திக்கவே கூடாது.

பழைய பவர் சப்ளையின் பெட்டியைத் திறக்கவும் வேண்டாம். உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டர்கள் 300 வோல்ட்டுக்கு மேல் சேமித்து வைத்திருக்கும். ப்ளக்கை உருவிய பிறகும் அது உடனே வடிந்துவிடாது.

## அடுத்தது: ஸ்க்ரூடிரைவர் சோதனை

எந்த அறிகுறியாக இருந்தாலும் இதைச் செய்யாமல் ஒரு சாமானும் வாங்காதீர்கள்.

ஏடிஎக்ஸ் மதர்போர்டுக்குப் பவர் பட்டன் என்பது வீட்டு அழைப்பு மணியின் பட்டன் மாதிரிதான். இரண்டு பின்கள் ஒரு கணம் ஒன்றையொன்று தொட்டு விலக வேண்டும், அவ்வளவே. அந்தப் பின்களில் இருப்பது சில வோல்ட் மட்டும். பவர் சப்ளை இணைந்து, அதன் பின்புறச் சுவிட்சும் போட்டிருக்கும் நிலையில், கேஸிலிருந்து வரும் பவர் பட்டன் கனெக்டரைக் கழற்றிவிட்டு, தட்டை முனை ஸ்க்ரூடிரைவரால் அந்த இரண்டு பின்களையும் ஒரு கணம் சேர்த்துத் தொடுங்கள்.

எந்த இரண்டு பின்? இப்போது வரும் பெரும்பாலான மதர்போர்டுகளில், விளிம்பில் இரண்டு வரிசையாகப் பத்து இடங்கள், ஒன்பது பின்கள் இருக்கும். ஒரு வரிசையின் கடைசி இடம் காலியாக இருக்கும். அந்தக் காலி இடத்தையே அடையாளமாக வைத்துக்கொள்ளுங்கள். அதே வரிசையில் காலி இடத்தை ஒட்டிய இரண்டு பின்கள் பவர் சுவிட்ச். அவற்றைத் தாண்டி இருக்கும் இரண்டு பவர் விளக்கு. எதிர் வரிசையில், காலி இடத்துக்கு நேர் எதிரே இருக்கும் பின்னை விட்டுவிடுங்கள். அதை அடுத்த இரண்டு ரீசெட், அதற்கடுத்த இரண்டு ஹார்ட் டிஸ்க் விளக்கு. சில போர்டுகள் வேறு ஒழுங்கு வைத்திருக்கும் என்பதால், தொடுவதற்கு முன் மேனுவலில் ஒருமுறை சரிபாருங்கள்.

ஸ்க்ரூடிரைவரால் தொட்டதும் ஓடினால் மதர்போர்டும் பவர் சப்ளையும் நன்றாக இருக்கின்றன. கோளாறு பட்டனுக்கும் கனெக்டருக்கும் இடையில்தான். ஓடவில்லை என்றால் பட்டனைப் பழிக்காதீர்கள். கீழே எல்லாக் கிளைகளும் இந்த முடிவிலிருந்துதான் பிரிகின்றன.

## அறிகுறி 1: அழுத்தினால் ஒன்றுமே நடக்கவில்லை

### ஸ்க்ரூடிரைவரால் ஓடுகிறது

முதல் சந்தேகம், கனெக்டர் ஒரு பின் தள்ளிச் செருகியிருப்பது. பழைய கேஸின் உள்ளே வெளிச்சம் போதாது, எழுத்தும் பொடியாக இருக்கும். பவர் சுவிட்சுக்குப் போக வேண்டியது விளக்கின் பின்னில் பாதி, சுவிட்சின் பின்னில் பாதி என்று உட்கார்ந்திருக்கும். கைப்பேசியின் டார்ச்சை அடித்து, படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். சுவிட்சுக்குக் கூட்டல் கழித்தல் கிடையாது. எந்தப் பக்கம் திருப்பிச் செருகினாலும் சரி.

அடுத்து, ரீசெட் பட்டனின் கனெக்டரை எடுத்துப் பவர் பின்களில் செருகி, ரீசெட் பட்டனை அழுத்துங்கள். ஓடினால் பவர் பட்டனோ அதன் ஒயரோ போய்விட்டது உறுதி. இதிலேயே ஒரு செலவில்லாத தீர்வும் இருக்கிறது: ரீசெட்டையே பவர் பட்டனாக வைத்துக்கொள்ளலாம். நாள்தோறும் ரீசெட் அழுத்துகிறவர் யார்? ஏடி கேஸ் வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும். அவற்றிலும் ரீசெட் பட்டன் மெல்லிய இரண்டு ஒயரோடு, அழுத்தி விட்டால் திரும்பிவிடும் வகையாகத்தான் இருக்கும். பெரிய பட்டனை அழுத்தும் சுகம்தான் வேண்டும் என்றால் அறிகுறி 3இல் மாற்றும் முறை இருக்கிறது.

மல்ட்டிமீட்டர் இருந்தால் கன்டினியுட்டி நிலையில் வைத்து, கனெக்டரின் இரண்டு முனைகளிலும் தொட்டுப் பட்டனை அழுத்துங்கள். அழுத்தும்போது மட்டும் பீப் வர வேண்டும். வரவே இல்லையென்றால், அதே சோதனையைச் சுவிட்சின் கால்களிலேயே நேரடியாகச் செய்யுங்கள். அங்கே பீப் வந்தால் ஒயர் அறுந்திருக்கிறது. அறுந்த இடம் பெரும்பாலும் கனெக்டருக்குள் நுழையும் வாயில்தான். வெளியுறை நன்றாகத் தெரியும், உள்ளே செம்பு துண்டாகியிருக்கும்.

### ஸ்க்ரூடிரைவராலும் ஓடவில்லை

சிரிக்காமல் கேளுங்கள்: சுவர்ச் சுவிட்ச், பவர் சப்ளையின் பின்புறச் சுவிட்ச், ப்ளக்கில் இருக்கும் ஃபியூஸ். நம் சிங்கப்பூர் மூன்று பின் ப்ளக்குக்குள் ஒரு சின்ன ஃபியூஸ் உண்டு. பழைய கேபிளையே புதுப் பவர் சப்ளைக்குப் பயன்படுத்தும்போது இதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. மானிட்டரின் கேபிளை மாற்றிப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பிறகு 24 பின் கனெக்டரும், ப்ராசசருக்குத் தனியாகப் போகும் 8 பின் கனெக்டரும் 'கிளிக்' என்று உட்கார்ந்திருக்கின்றனவா பாருங்கள். பழைய கேஸில் 8 பின் கேபிள் பெரும்பாலும் எட்டாது. இழுத்துப் பிடித்துச் செருகியிருப்பார்கள், பாதியில் நிற்கும். நீட்டிப்புக் கேபிள் சில வெள்ளிக்குக் கிடைக்கும்.

அடுத்து முன்பக்க யூஎஸ்பி. 2000க்குப் பிந்தைய சில கேஸ்களில் யூஎஸ்பி ஒயர்கள் ஒவ்வொன்றும் தனித்தனிக் கனெக்டராக வரும். 5 வோல்ட்டும் கிரவுண்டும் இடம் மாறினால் பல போர்டுகள் ஓடவே மறுக்கும். முன்பக்கத்திலிருந்து வரும் ஒயர்கள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு மறுபடி ஸ்க்ரூடிரைவர் சோதனை செய்யுங்கள்.

இன்னும் ஓடவில்லையா? மதர்போர்டின் அடியில் இருக்கும் பித்தளைத் தாங்கிகளை எண்ணுங்கள். பழைய போர்டுக்காகப் போட்ட தாங்கி ஒன்று, புது போர்டில் துளை இல்லாத இடத்தில் நின்று அதன் அடிப்பாகத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். இதைப் பார்க்கப் போர்டைக் கழற்றியே ஆக வேண்டும். கழற்றியதும் அப்படியே அட்டைப்பெட்டியின் மேல் வைத்து, ப்ராசசர், அதன் கூலர், ஒரு ரேம், பவர் சப்ளை மட்டும் மாட்டி ஓட்டிப் பாருங்கள். அட்டை மேல் ஓடுகிறது, கேஸுக்குள் ஓடவில்லை என்றால் தாங்கிதான் குற்றவாளி.

அட்டை மேலும் ஓடவில்லை என்றால் இரவல் வாங்கிய வேறொரு பவர் சப்ளையோடு ஒருமுறை பாருங்கள். அதற்கும் அசையவில்லையா, நிறுத்திக்கொள்ளுங்கள். போர்டை வாங்கிய கடைக்குக் கொண்டுபோவதுதான் வழி. 2012 செப்டம்பரிலிருந்து இங்கே நடப்பிலிருக்கும் 'லெமன் சட்டம்' இதில் கைகொடுக்கும். ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை, பொருளை ஒப்படைத்தபோதே இருந்ததாகவே எடுத்துக்கொள்ளப்படும். அப்படியில்லை என்று காட்டுவது கடைக்காரரின் பொறுப்பு. ரசீதைப் பத்திரமாக வையுங்கள். போர்டில் நீங்களே சாலிடர் வைத்திருந்தால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

## அறிகுறி 2: ஓடுகிறது, நாலு வினாடியில் அணைகிறது

"அண்ணே, ஒரு நாலு செகண்ட் நல்லா ஓடுது, அப்புறம் செத்துடுது" என்று யாராவது சொன்னால் பாதிக் கோளாறு அதிலேயே புரிந்துவிடும். பவர் பட்டனைத் தொடர்ந்து 4 வினாடி பிடித்திருந்தால் கட்டாயமாக அணைத்துவிடு என்பது ஏடிஎக்ஸ் போர்டுகளின் வழக்கம். ஆக, யாரோ பட்டனை விடாமல் அழுத்திக்கொண்டிருக்கிறார்கள். யார் என்பதுதான் கேள்வி.

ஸ்க்ரூடிரைவரால் ஓட்டிவிட்டு, கனெக்டரை மாட்டாமலே அரை நிமிடம் விடுங்கள். நிற்காமல் ஓடினால் கீழே தொடருங்கள். அப்போதும் அணைந்தால் பட்டன் நிரபராதி. ப்ராசசர் கூலர் ஒட்டவில்லை, 8 பின் கனெக்டர் ஆடுகிறது, தாங்கி இடிக்கிறது ஆகிய மூன்றையும் இதே வரிசையில் பாருங்கள்.

பட்டன் உள்ளேயே மாட்டிக்கொள்கிறது. மிகச் சாதாரணம். முகப்பின் பிளாஸ்டிக் காலப்போக்கில் மஞ்சளாகி, வளைந்து, பட்டனின் தண்டை உரசும். முகப்பைக் கழற்றிவிட்டுச் சுவிட்சை விரலால் நேரடியாக அழுத்திப் பாருங்கள். சரியாக வேலை செய்தால் சுவிட்சில் குறையில்லை. தண்டின் ஓரத்தை நைசான உப்புத்தாளால் இரண்டு இழுப்பு இழுத்தால் போதும். எண்ணெய் விடாதீர்கள். பிசுக்கில் தூசி ஒட்டி, கொஞ்ச நாளில் மறுபடி அதே கதை.

சுவிட்சே பிடித்து நிற்கும் வகை. ஏடி கேஸின் பவர் சுவிட்சும், அந்தக் காலத்தில் வேகத்தை மாற்ற வைத்திருந்த 'டர்போ' பட்டனும் இப்படித்தான்: ஒருமுறை அழுத்தினால் உள்ளே நிற்கும், மறுமுறை அழுத்தினால் வெளியே வரும். அறையில் யாரும் இல்லாமலே பட்டன் அழுந்திக்கொண்டிருப்பது இதனால்தான். டர்போ பட்டனின் சிறிய சுவிட்சுகளில், தண்டின் பக்கவாட்டில் 'ப' வடிவில் வளைந்த மெல்லிய கம்பி ஒன்று தெரியும். பிடித்து நிறுத்துவது அதுதான். ஊசிமூக்குக் குறடால் அதை உருவி எடுத்தால் சுவிட்ச் அழுத்தி விடும் வகையாக மாறிவிடும். எடுக்கும்போது தண்டை மறுகையால் அமுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் பறந்து சோபாவுக்கு அடியில் போய்விடும்.

230 வோல்ட் ஓடிய பெரிய சுவிட்சிலும் இதே வேலையைச் செய்ய முடியும். ஆனால் நான் பரிந்துரைப்பதில்லை. காரணம் அறிகுறி 3இல்.

புது உலோகப் பட்டனைத் தவறான காலில் இணைத்திருக்கிறீர்கள். பழைய பட்டனைத் தூக்கிவிட்டு, ஒளிரும் வட்டத்தோடு வரும் 16 அல்லது 19 மில்லிமீட்டர் உலோகப் பட்டன் போடுகிறவர்கள் நிறைய. அதில் ஐந்து கால்கள் இருக்கும். இரண்டு விளக்குக்கு, ஒன்று பொதுவானது. மீதி இரண்டில் ஒன்று அழுத்தினால் இணையும், மற்றது அழுத்தினால் பிரியும். இரண்டாவதில் இணைத்திருந்தால் நீங்கள் தொடாதபோதெல்லாம் பட்டன் அழுந்தியிருப்பதாகப் போர்டு நினைக்கும். மீட்டரில் பீப் அழுத்தும்போது வருகிறதா, விடும்போது வருகிறதா என்று பாருங்கள்.

ஒயர் நசுங்கியிருக்கிறது. பழைய கேஸ்களின் தகர விளிம்பு கத்தி மாதிரி கூர்மை. முகப்பை அமுக்கி மாட்டும்போது ஒயர் இடையில் சிக்கி, உறை கிழிந்து, இரண்டு செம்பும் தகரத்தைத் தொட்டுக்கொள்ளும். முகப்பைக் கழற்றினால் ஓடுகிறது, மாட்டினால் அணைகிறது என்றால் இதுதான்.

இன்னொன்று: நாலு வினாடிகூட இல்லாமல், ஓடும் கம்ப்யூட்டர் பட்டனை லேசாகத் தொட்டதும் அணைந்தால் பயாஸை, அதாவது விண்டோஸுக்கு முன்னால் வரும் போர்டின் அமைப்புத் திரையை, திறந்து பாருங்கள். சில போர்டுகளில் உடனே அணை, 4 வினாடிக்குப் பிறகு அணை என்று இரண்டு தேர்வுகள் உண்டு.

## அறிகுறி 3: சில நேரம் பிடிக்கிறது, சில நேரம் இல்லை

பொறுமையைச் சோதிப்பது இதுதான். காலையில் நாலு முறை அமுக்கினால் ஒருமுறை ஓடும். மாலையில் ஒரே அமுக்கில் ஓடும்.

முதலில் கனெக்டரைப் பிடித்து லேசாக ஆட்டுங்கள். பலமுறை கழற்றி மாட்டியதில் உள்ளே இருக்கும் உலோக நாக்கு விரிந்து, பின்னைப் பிடிக்காமல் தொங்கும். கனெக்டரின் பக்கவாட்டில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் தாழ் இருக்கும். அதைக் குண்டூசியால் தூக்கினால் உலோகத் துண்டு வெளியே வரும். குறடால் மெல்ல நெருக்கித் திரும்பச் செருகினால் சரியாகிவிடும்.

அது சரியாக இருந்தால் சுவிட்சின் உள்ளே கறை. சிங்கப்பூரின் ஈரப்பதத்தில், ஸ்டோர் ரூமில் வருஷக்கணக்கில் கிடந்த கேஸில் இது இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம். மீட்டரை ஓம் நிலைக்கு மாற்றி, பட்டனை அழுத்திப் பிடித்து எண்ணைப் பாருங்கள். ஒன்றிரண்டு ஓமுக்குள் அசையாமல் நின்றால் நல்லது. ஒருமுறை 3, மறுமுறை 200, அடுத்து ஒன்றுமே இல்லை என்று எண் தாவினால் சுவிட்சுக்கு விடை கொடுக்கும் நேரம். கான்டாக்ட் கிளீனர் அடித்துப் பார்க்கலாம். கொஞ்ச நாள் ஓடும்.

ஏடி கேஸின் பெரிய சுவிட்சை மாற்றியமைத்துப் பயன்படுத்துகிறவர்களும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கிறார்கள். அந்தச் சுவிட்ச் 230 வோல்ட்டில் பல ஆம்பியர் தாங்கச் செய்தது. அந்த அளவு மின்சாரம் ஓடும்போது மெல்லிய கறையை அதுவே எரித்துவிடும். மதர்போர்டு அனுப்பும் துளி மின்சாரத்தால் கறையை ஊடுருவ முடியாது. பட்டனின் முகம் மட்டும் பழையதாக இருக்கட்டும், பின்னால் புதுச் சுவிட்ச் இருக்கட்டும் என்பதுதான் என் கட்சி.

### புதுச் சுவிட்ச் வைக்கும் முறை

வேண்டியவை: 12 மில்லிமீட்டர் சதுர டாக்ட் சுவிட்ச் (அழுத்தினால் 'டிக்' என்று இணைந்து, விட்டால் திரும்பிவிடும் சின்னச் சுவிட்ச்) ஒன்று, துளைகள் போட்ட சர்க்யூட் போர்டுத் துண்டு ஒன்று, பாழடைந்த வேறு கேஸிலிருந்து வெட்டி எடுத்த கனெக்டரோடு கூடிய ஒயர். எல்லாமே சிம் லிம் டவரில் கிடைக்கும். கம்ப்யூட்டர் விற்கும் சிம் லிம் ஸ்குவேரைச் சொல்லவில்லை; ஜாலான் புசார் தொடக்கத்தில் இருக்கும் டவர். உதிரிப் பாகக் கடையில் பழைய சுவிட்சையே நீட்டி, "அங்கிள், இந்த உயரத்துக்கு" என்றால் போதும், டப்பாக்களைத் திறந்து அளந்து கொடுப்பார்கள். டாக்ட் சுவிட்சுகள் பல தண்டு உயரங்களில் வருவதால் இரண்டு மூன்று உயரம் வாங்கிக்கொள்ளுங்கள். சில்லறைக் காசுதான்.

பழைய சுவிட்சைப் பிடித்திருந்த இரண்டு திருகுத் துளைகளின் இடைவெளியை அளந்து, அதே இடைவெளியில் சர்க்யூட் போர்டுத் துண்டில் இரண்டு துளை போடுங்கள். நடுவில் டாக்ட் சுவிட்சைச் சாலிடர் செய்யுங்கள். அதற்கு நான்கு கால்கள். இரண்டிரண்டாக உள்ளேயே இணைந்திருக்கும். எது எதோடு இணைந்தது என்று மண்டையை உடைக்க வேண்டாம். மூலைக்கு மூலை எதிரெதிரே இருக்கும் இரண்டு கால்களில் ஒயரை இணைத்தால் எப்போதும் சரியாக வரும்.

இனி உயரம். வேலை கெடுவது பெரும்பாலும் இங்கேதான். போர்டுத் துண்டைத் திருகில் மாட்டி, முகப்பையும் மாட்டி, பட்டனின் தண்டுக்கும் சுவிட்சின் தலைக்கும் நடுவே ஒரு காகிதத் துண்டை விட்டுப் பாருங்கள். தடையில்லாமல் நுழைந்து வெளியே வர வேண்டும். காகிதம் சிக்கினால், முகப்பை இறுக்கிய பிறகு சுவிட்ச் நிரந்தரமாக அழுந்தி அறிகுறி 2 வந்துவிடும். இடைவெளி மிக அதிகமென்றால் பட்டன் அடிவரை போயும் 'டிக்' சத்தம் வராது. பிளாஸ்டிக் வாஷர் வைத்து ஏற்றி இறக்கிச் சரிசெய்யுங்கள்.

திருகுத் துளை உடைந்துபோன கேஸில் ஒட்டத்தான் வேண்டியிருக்கும். இரண்டு குழாயில் வரும் எபாக்ஸி பசை நல்லது. சூப்பர் க்ளூ வேண்டாம்: அது சுவிட்சின் விளிம்பு வழியாக உள்ளே ஊறி, காலையில் பார்த்தால் புதுச் சுவிட்ச் கல்லாகியிருக்கும். ஹாட் க்ளூ தினசரி அழுத்தலில் கழன்றுவிடும்.

சாலிடர் பிடிக்கத் தெரியாதவர்கள் ஆயத்தமான பவர் பட்டனும் ஒயரும் சேர்ந்த கிட் வாங்கி, முகப்பில் துளையிட்டு வைக்கலாம். அல்லது 2014இல் தொடங்கிய 'ரிப்பேர் கோப்பித்தியாம்' போன்ற அக்கம்பக்கப் பழுதுபார்ப்பு நிகழ்ச்சிகளுக்குக் கொண்டுபோகலாம். அங்கே தொண்டூழியர்கள் உங்களையே செய்ய வைத்துக் கற்றுக்கொடுப்பார்கள்.

## அறிகுறி 4: விசிறி சுற்றுகிறது, திரை கறுப்பாகவே இருக்கிறது

பவர் பட்டன் தன் வேலையைச் செய்துவிட்டது. ஆனாலும் பழைய கேஸுக்கு இதில் ஒரு பங்கு இருக்கலாம்.

ரீசெட் கனெக்டரைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். ரீசெட் பட்டன் உள்ளே சிக்கியிருந்தால், அல்லது டர்போ பட்டனின் ஒயரை ரீசெட் பின்னில் மாட்டியிருந்தால், விசிறி சுற்றும், விளக்கு எரியும், போர்டு மட்டும் தொடக்கத்திலேயே உறைந்து நிற்கும். கிராபிக்ஸ் கார்டையும் ரேமையும் மாற்றிப் பார்த்து நாள் முழுக்கத் திண்டாடிய பிறகு ரீசெட் ஒயரை உருவியதும் படம் வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

டிடிஆர்5 ரேம் உள்ள புது போர்டு என்றால், முதல் தடவை ஓட்டும்போது ரேமைப் பழக்கிக்கொள்ளவே சில நிமிடங்கள் எடுக்கும். அதுவரை திரை கறுப்பாகத்தான் இருக்கும். பொறுமையில்லாமல் பட்டனைப் பிடித்து அணைத்தால் மறுபடி முதலிலிருந்து. போய் ஒரு கோப்பி குடித்துவிட்டு வாருங்கள். அதற்கு மேலும் கறுப்பென்றால் அது பட்டன் விவகாரம் அல்ல, கடைக்காரர் பார்க்கட்டும்.

## அறிகுறி 5: ப்ளக் போட்டதும் தானாக ஓடுகிறது

பயாஸில், மின்சாரம் போய் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு அமைப்பு இருக்கும். அது 'ஓடு' என்றோ 'முன்பிருந்த நிலைக்குத் திரும்பு' என்றோ இருந்தால் கோளாறே இல்லை. மாற்றி வையுங்கள். அப்படியும் ஓடினால் பவர் கனெக்டரைக் கழற்றிவிட்டு ப்ளக் போடுங்கள். இப்போது சும்மா இருந்தால் சுவிட்சோ ஒயரோ ஷார்ட். அறிகுறி 2க்குப் போங்கள். கனெக்டர் இல்லாமலும் தானாக ஓடினால் போர்டைக் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள்.

## அறிகுறி 6: எல்லாம் ஓடுகிறது, முகப்பு விளக்கு மட்டும் எரியவில்லை

சுவிட்சுக்கு இல்லாத கூட்டல் கழித்தல் எல்இடி விளக்குக்கு உண்டு. கனெக்டரைத் திருப்பிச் செருகுங்கள். பாதிப் பேருக்கு அதோடு தீர்ந்தது.

பழைய கேஸில் பவர் விளக்கின் கனெக்டர் மூன்று துளை அகலத்தில், நடுவில் காலியாக இருக்கும். புது போர்டில் இரண்டு பின்தான் அடுத்தடுத்து. மேலே சொன்ன குண்டூசி வித்தையால் ஓரத்து ஒயரை நடுத்துளைக்கு மாற்றுங்கள். ஏடி கேஸில் பூட்டுச் சாவியும் விளக்கும் சேர்ந்து ஐந்து துளைக் கனெக்டராக வரும். அதில் முதல் துளையும் மூன்றாம் துளையும்தான் விளக்கு. அந்த இரண்டை மட்டும் உருவி, இரண்டு துளைக் கனெக்டருக்கு மாற்றுங்கள். சாவியின் ஒயரைச் சும்மா கட்டி ஒதுக்கிவிடலாம்.

உலோகப் பட்டனின் விளக்கு மங்கலாகவோ இருட்டாகவோ இருந்தால் அது 12 வோல்ட்டுக்கானது. போர்டின் விளக்குப் பின் அந்த அளவு தராது. வாங்கும்போதே 3 வோல்ட் என்று கேட்டு வாங்குங்கள்.

## அறிகுறி 7: அணைக்க அழுத்தினால் தூங்கப் போகிறது, அல்லது கண்டுகொள்ளவே இல்லை

விண்டோஸில் கன்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ், பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்ற பக்கம். அங்கே மாற்றுங்கள். ஸ்க்ரூடிரைவரை எடுக்க வேண்டாம்.

## அறிகுறி 8: கேஸைத் தொட்டால் ஷாக், அல்லது வீட்டில் ட்ரிப் ஆகிறது

இங்கே சோதனை எதுவும் இல்லை. கேஸைத் தொடாமல் சுவர்ச் சுவிட்சை அணைத்து, ப்ளக்கை உருவுங்கள். ட்ரிப் ஆகியிருந்தால் மின்பெட்டியைக் கம்ப்யூட்டர் இல்லாத நிலையில் மறுபடி போடுங்கள். மறுபடி ட்ரிப் ஆகாமல் நின்றால் கோளாறு கம்ப்யூட்டரில்: பவர் சப்ளை, அல்லது உள்ளே விட்டுவைத்த பழைய 230 வோல்ட் கேபிள் தகரத்தைத் தொடுகிறது. பவர் சப்ளையைப் பழுது பார்க்க முயலாமல் மாற்றிவிடுங்கள். பழைய கேபிள் இன்னும் உள்ளே இருந்தால் முழுவதையும் கழற்றும்வரை ப்ளக் போடாதீர்கள்.

கம்ப்யூட்டரை உருவிய பிறகும் ட்ரிப் ஆனால் விஷயம் வீட்டு ஒயரிங். எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்ற மின்பணியாளரை அழையுங்கள். இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் கைவினைஞர் வேண்டாம்.

கழற்றிய ஏடி பவர் சப்ளையையும் அதன் சுவிட்சையும் வீட்டுக் குப்பைச் சரிவில் போட வேண்டாம். 2021 ஜூலையில் மின்கழிவுத் திட்டம் வந்ததிலிருந்து பேரங்காடிகளில் சேகரிப்புத் தொட்டிகள் இருக்கின்றன. தொட்டியின் வாய்க்குள் நுழையாவிட்டால் கேபிளைச் சுவிட்சோடு சேர்த்துச் சுற்றிக் கட்டி, 'வேலை செய்யாது, ப்ளக் போடாதே' என்று டேப்பில் எழுதி ஒட்டிவையுங்கள். பெரிய பொருட்களுக்கான சேகரிப்பின்போது அப்படியே கொடுத்துவிடலாம்.